பத்தாயம் நின்ற அறை: மேசைக்கும் விருந்தாளிக்கும் ஒரே இடத்தில் எது தோது?

கும்பகோணத்துப் பழைய தெரு வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணையில் தொடங்கி ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று கொல்லை வரை போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர் என்பதால் ஜன்னல் வைக்கத் தெருப்பக்கத்தை விட்டால் கொல்லைப்பக்கம்தான். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், கொல்லையைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னலோடு ஒரு சின்ன அறை இருக்கிறது. 10 அடிக்கு 9 அடி. கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருவது என் வேலை. 2020 ஊரடங்கில் கணினியை அந்த அறைக்குக் கொண்டுபோனேன். ஊரடங்கு முடிந்தும் மேசை அங்கேயே நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் படுக்கவும் அதே அறைதான்.

போன தை மாதம் அதைச் சீர்செய்ய முடிவெடுத்தபோது, எல்லாரையும் போல நானும் கட்டிலில்தான் தொடங்கினேன். எந்தக் கட்டில் மடங்கும், எது சோபாவாகும் என்று ஒரு மாதம் கடை கடையாகப் பார்த்தேன். பிறகு புரிந்தது, வரிசையே தப்பு என்று. பெரும்பாலான வீடுகளில் முதலில் கட்டில் வரும், அப்புறம் அலமாரி வரும், கடைசியில் "இருட்டா இருக்கே" என்று இன்னொரு டியூப் லைட் மாட்டுவார்கள். இதைத் திருப்பிப் போட வேண்டும். கட்டிலை நகர்த்தலாம், அலமாரியை நகர்த்தலாம், ஜன்னலை நகர்த்த முடியாது. முதலில் ஜன்னலுக்கு வழிவிட வேண்டும். மேசையும் படுக்கையும் அதற்கேற்ற இடத்தில் உட்கார வேண்டும். அலமாரிக்கு மிச்சமான இருட்டு மூலையே போதும். கீழே நான் ஒப்பிடுவதெல்லாம் இந்த வரிசையில்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷத்து நாள்காட்டியைப் புரட்டி, விருந்தாளி தங்கிய இரவுகளைக் குறித்தேன். பொங்கல், ஆடிப்பெருக்கு, ஆவணி முகூர்த்தங்கள், ஒரு வளைகாப்பு எல்லாம் சேர்த்து 31 இரவு. அந்த அறையில் நான் வேலை பார்த்த நாட்கள் 280-க்கு மேல். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் அந்த எண் கையில் இல்லாமல் கட்டில் கடைக்குப் போகாதீர்கள்.

வெளிச்சம்

எங்கள் ஜன்னலுக்கு முன்னால் நின்றது பத்தாயம், அதாவது நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி. 6 அடி நீளம், 3 அடி அகலம், ஆள் உயரம். தாத்தா காலத்தில் குறுவை நெல்லும் சம்பா நெல்லும் அதில்தான் கிடந்தன. இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்துக் கொட்டுகிறது. நெல் அங்கிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. சாப்பாட்டுக்கு அரிசி கடையிலிருந்து வருகிறது. நெல் போன பத்தாயத்துக்குள் ஓடாத மின்விசிறி, கிழிந்த கொசுவலை, பழைய பாடப்புத்தகம், மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பா எல்லாம் குடியேறிவிட்டன. ஒரு ஒற்றைக் கட்டில் அடைக்கும் 18 சதுர அடியை அது அடைத்துக்கொண்டிருந்தது. 90 சதுர அடியில் ஐந்தில் ஒரு பங்கு. போதாததற்கு ஜன்னலில் பாதியையும் மறைத்தது.

உங்கள் வீட்டில் அந்த இடத்தில் இரும்பு பீரோ இருக்கலாம், கட்டிலின் தலைமாட்டுப் பலகை இருக்கலாம். எதுவானாலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அறையின் நடுவில் நின்று நாளிதழில் வரி விளம்பரம் படியுங்கள். படிக்க முடிந்தால் அறையில் வெளிச்சம் இருக்கிறது, சாமான்தான் அதிகம். முடியாவிட்டால் ஜன்னலை எதுவோ மறைக்கிறது, அல்லது சுவர் வெளிச்சத்தைக் குடிக்கிறது. விளக்கு வாங்குவது அதற்கெல்லாம் அப்புறம்.

பழைய ஜன்னல்களுக்கு ஒரு வசதி உண்டு, நாம் அதை மறந்துவிட்டோம். மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு என்று நாலு கதவு. ஜன்னலின் மேல்பாதி வழியாக வரும் வெளிச்சம்தான் அறைக்குள் ஆழமாகப் போகும்; கீழ்ப்பாதி வெளிச்சம் ஜன்னலடியிலேயே விழுந்துவிடும். மேல் இரண்டையும் திறந்து, கீழ் இரண்டையும் சாத்தினால் மேசைக்கு வெளிச்சம், படுத்திருப்பவருக்கு மறைவு. எங்கள் ஜன்னலில் மேல்கதவுகள் பல வருஷமாகத் திறக்காமல் பெயின்ட்டில் ஒட்டிப்போய்க் கிடந்தன. கத்தியால் சுரண்டி, கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறக்க ஒரு மதியம் ஆயிற்று. இந்த அறையில் நான் செய்த வேலைகளிலேயே செலவில்லாததும் அதிகப் பலன் தந்ததும் அதுதான்.

திரைக்கு என்ன போடுவது? கெட்டியான பாலியஸ்டர் திரை, மெல்லிய பட்டைகளைக் கோத்து ஏற்றி இறக்கும் திரை, மெல்லிய பருத்தி என்று மூன்றையும் பார்த்தேன். பாலியஸ்டர் இருட்டாக்கும், காற்றையும் நிறுத்தும். ஏற்றி இறக்குவதில் கொல்லைத் தூசி பட்டை பட்டையாகப் படியும். கடைசியில் ஒரு நாலு முழ வேட்டியை இரண்டாக வெட்டித் தைத்துக் கீழ்ப்பாதிக்கு மட்டும் மாட்டினேன். வெயிலைப் பரவலாக்கி உள்ளே விடுகிறது, துவைக்கவும் சுலபம். கொசுவலை விஷயத்தில் நம் பக்கத்தில் சமரசத்துக்கு இடமில்லை. வாய்க்கால், கொல்லைக் கிணறு, வடகிழக்குப் பருவமழை எல்லாம் இருக்கிற ஊர். ஜன்னலில் ஒட்டும் வலை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், தூசி படிந்தால் இன்னும் குறைக்கும். ஓரத்தில் ஒட்டுப்பட்டை வைத்ததாக வாங்கினால் மாதம் ஒருமுறை கழற்றி அலசலாம். சட்டத்தோடு ஆணி அடித்தால் ஒருநாளும் கழுவ மாட்டோம்.

அடுத்து சுவர். எங்கள் சுவர் ஒரு காலத்தில் அடித்த கரும்பச்சை. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நாலு பங்கு வரை திருப்பி அனுப்பும். கரும்பச்சை ஒரு பங்கு அனுப்பினாலே அதிகம். ஆக வெள்ளை என்பதில் சந்தேகமில்லை. எந்த வெள்ளை என்பதுதான் கேள்வி. சுண்ணாம்பா, டிஸ்டெம்பரா, எமல்ஷனா?

பெயின்ட் கடையில் எமல்ஷனைத்தான் சொல்வார்கள். துடைக்கலாம், பளிச்சென்று இருக்கும், கையில் ஒட்டாது. புது சிமென்ட் சுவருக்கு அது சரி. ஆனால் நம் பழைய வீடுகள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை, களிமண் பூமி, மழைக்காலத்தில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவரில் ஓதம் ஏறும். அந்தச் சுவருக்கு எமல்ஷன் அடித்தால் உள்ளேயிருக்கிற ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல் போகும். கார்த்திகைக்குள் கொப்பளம் கொப்பளமாக எழும்பி உரியத் தொடங்கும். சிலர் ஓதத்தை மறைக்க மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் பதிக்கிறார்கள். ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, நாலாவது அடியில் வெளியே வரும். சுண்ணாம்பு அடித்த சுவர் மூச்சு விடும். ஈரம் வந்தாலும் காய்ந்துவிடும். அதன் குறை, சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் ஒரு பூச்சு அடிக்கவும் வேண்டும். நான் நாலு சுவருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பே அடித்தேன். படுக்கையை ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோரைப் பாயை நீளவாக்கில் சுவரில் தொங்கவிட்டேன். முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் பாய். அதைக் கழற்றிக் காயவும் வைக்கலாம். சிமென்ட் வீட்டுக்காரர்கள் யோசிக்காமல் மங்கிய வெள்ளை எமல்ஷன் அடித்துக்கொள்ளலாம். பளபளப்பு வகை வேண்டாம், ஜன்னலும் விளக்கும் சுவரில் மின்னிக் கண்ணைக் குத்தும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழி கண்ணாடி ஓடு. சீமை ஓட்டின் அளவிலேயே வரும். ஒரு ஓட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடலாம். ஒரே ஒரு ஓடு அறையை எவ்வளவு மாற்றுகிறது என்பது ஆச்சரியம்தான். ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். அதன் வழியே விழும் வெயில், சதுரமாக, காலையில் மேற்குப் பக்கம் தொடங்கி மாலைக்குள் கிழக்கே நகர்ந்து போகும். எங்கள் கூடத்தில் இருக்கும் கண்ணாடி ஓட்டின் கீழே ஒருநாள் மடிக்கணினியோடு உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்தச் சதுரம் திரைமேல் ஏறியது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. விருந்தாளியின் பார்வையில் யோசித்தால் விடிகாலையிலேயே வெளிச்சம் வந்து எழுப்பிவிடும். அந்த ஓட்டைக் குரங்கு உடைக்கிற ஊராகவும் இருக்கிறது நம் ஊர். ஜன்னலே இல்லாத நடு அறையென்றால் கண்ணாடி ஓடு கட்டாயம் வையுங்கள். நடமாடும் இடத்துக்கு மேலே, மேசைக்கும் தலையணைக்கும் நேரே வராதபடி. ஜன்னல் இருக்கும் அறைக்குத் தேவையில்லை. நான் வைக்கவில்லை.

மேசை எப்படிப் போடுவது என்பது வெளிச்சத்தோடு சேர்ந்த விஷயம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், ஜன்னலுக்கு முதுகு காட்டினால் கணினித் திரையில் ஜன்னல் தெரியும். பக்கவாட்டில் இருக்க வேண்டும். எங்கள் கொல்லை வடக்கு. நான் கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்கிறேன். இடது கைப்பக்கம் ஜன்னல். எழுதும்போது கையின் நிழல் காகிதத்தில் விழுவதில்லை. வடக்கு ஜன்னலில் வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும் என்பார்கள். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகைக்குள் இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சிப்பொழுதுச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். வேட்டித் திரை அதற்குப் போதும்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 வாட் எல்ஈடி டியூப் ஒன்று ஏறக்குறைய 2,000 லூமன் தரும். இந்த அளவு அறையில் நடமாடவும் பேசவும் அது போதும். கணக்குப் பார்க்கப் போதாது. மேசைமேல் விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். அதற்காக இன்னொரு டியூப் மாட்டி அறை முழுக்கப் பட்டப்பகலாக்குவதைவிட, மேசைக்கென்று 7 வாட்டில் கழுத்து வளையும் விளக்கு ஒன்று வைப்பது மேல். அருகிலிருக்கும் விளக்கு சின்னதானாலும் பெரிய வெளிச்சம் தரும். ராத்திரி வேலை இருந்து, பக்கத்தில் ஒருவர் தூங்கினாலும் அந்த ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளலாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற எண்ணில் சொல்வார்கள்; மேசைக்கு 4,000 கெல்வின், படுக்கைப் பக்கம் 3,000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கடையில் 6,500-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்; அந்த நீலம் பாய்ந்த வெள்ளையில் யாருக்கும் தூக்கம் வராது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கிற நாளில் இந்த விளக்குகளெல்லாம் இன்வெர்ட்டரில்தான் ஓடும். அன்றைக்குத்தான் ஜன்னலின் அருமை தெரியும்.

படுக்கை

இதில் நான் அதிக நாள் செலவழித்தேன். காரணம் அத்தை. மன்னார்குடியிலிருந்து வருஷத்தில் நாலைந்து தடவை வருவார். எழுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் வலி. போன தடவை தரையில் மெத்தை போட்டுக் கொடுத்தேன். காலையில், "ஏங்கண்ணு, ராத்திரி எழுந்திருக்கணும்னா சுவத்தைப் புடிச்சுக்கிட்டுல்ல எழுந்திருச்சேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பச்சைச் சுவரில் அவர் கை ஊன்றிய இடத்தில் ஐந்து விரலும் தெரிந்தன. அதைப் பார்த்தபிறகு தரை மெத்தையை மட்டும் நம்பியிருக்க மனம் வரவில்லை.

நிரந்தரக் கட்டில் முதல் வாய்ப்பு. ஆறடிக்கு மூன்றடி ஒற்றைக் கட்டில். உயரம் சரி, வயதானவருக்கு நல்லது, எந்த நேரமும் தயார். ஆனால் 31 இரவுக்காக வருஷம் முழுக்க 18 சதுர அடியைக் கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. காலியாகக் கிடக்கும் கட்டில் எந்த வீட்டிலும் காலியாகக் கிடப்பதில்லை. மடிக்காத துணி முதலில் வரும், அப்புறம் கூரியர் அட்டைப்பெட்டி வரும். விருந்தாளி வரும் அன்று அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஓட வேண்டும். மாதத்தில் பத்து இரவுக்கு மேல் யாராவது தங்கும் வீடு, அல்லது பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் வந்திருக்கும் வீடு என்றால் இதையே வாங்குங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம்.

சாமான் வைக்கும் பெட்டியோடு வரும் திவானைப் பலர் பரிந்துரைத்தார்கள். நான் அதற்கு எதிர். அடியிலிருக்கும் பெட்டியைத் திறக்க மெத்தையைத் தூக்க வேண்டும். தூக்க வேண்டியதாக இருப்பதால் திறக்க மாட்டோம். உள்ளே என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும். மழைக்காலத்தில் காற்றுப் போகாத அந்தப் பெட்டிக்குள் வைத்த போர்வைக்குப் பூஞ்சை வாடை வரும்.

சோபா கம் பெட்டை என் தம்பி சொந்த அனுபவத்தில் சொன்னான். தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருக்கும்போது வாங்கினான். பகலில் பார்க்க அழகாக இருந்தது. விரித்தால் இரண்டு மெத்தைத் துண்டு சேரும் இடத்தில் ஒரு மேடு. படுப்பவரின் இடுப்பு சரியாக அதன்மேல் வரும். அடிப்பலகை மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இரண்டாவது ஐப்பசியில் ஈரம் குடித்து உப்பி, இழுவைப் பெட்டி வெளியே வராமல் நின்றுவிட்டது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் இரும்புச் சட்டம் உள்ளதைப் பாருங்கள். கடையிலேயே விரித்து, பத்து நிமிஷம் படுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். விரிக்கும்போது முன்னால் எத்தனை அடி வேண்டும் என்பதையும் நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சுவரில் மடங்கி நிற்கும் கட்டில், இடத்தை வைத்துப் பார்த்தால் எல்லாவற்றையும் வெல்லும். மடித்தால் சுவரிலிருந்து ஒன்றரை அடி கூட வராது. ஆனால் அதன் பாரம் முழுவதையும் சுவரில் இறுக்கிய போல்ட்டுகள் தாங்க வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் துளை போட்டால் காரை மாவாக உதிர்கிறது, போல்ட் பிடிப்பதில்லை. கான்கிரீட் தூண், சிமென்ட் சுவர் உள்ள புது வீடு, கொஞ்சம் செலவுக்கும் தயார் என்றால் இதைவிட நல்லது கிடையாது. விருந்தாளி தானே இழுத்துப் போட்டுப் படுக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். அத்தையால் முடியாது.

நாடாக் கட்டில், அதாவது இரும்புக் குழாயில் நாடா பின்னிய மடக்குக் கட்டில், வாடகை வீட்டுக்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை. மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடலாம், ஒருவரே தூக்கலாம், வீடு மாறினால் கூடவே வரும். நாடா காற்றோட்டமானது, சித்திரை வெயிலில் மெத்தையே வேண்டாம், ஒரு போர்வை போதும். வருஷம் ஒருமுறை நாடாவை இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொட்டிலாகி முதுகு வலிக்கும். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் தைக்காலில் சாலையோரம் பிரம்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பிரம்புச் சாய்வு நாற்காலியும் பார்த்தேன். பகல் தூக்கத்துக்கு அருமை. இரவு முழுக்கப் படுக்க அது பதிலாகாது.

தரையில் பாயும் மெத்தையும் போடுவதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தம்பியின் பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது. கோடையில் சிவப்புத் தரையின் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அதே தரை ஈரம் விடும். அப்போது பாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பாய் போட வேண்டும். மெத்தையில் இலவம்பஞ்சுக்கு அடிக்கடி வெயில் வேண்டும். நாலு நாள் மழையில் பஞ்சு கட்டி பிடிக்கும். விருந்தாளிக்கென்று தனியாக வைக்கும் மெத்தைக்குத் தேங்காய் நார் மெத்தை பரவாயில்லை. கனமும் ஈரமும் இலவம்பஞ்சு அளவுக்குத் தொல்லை தராது.

கடைசி வாய்ப்பு எங்கள் பத்தாயத்திலிருந்தே வந்தது. அதை என்ன செய்வது என்று மூன்று யோசனை இருந்தது. அப்படியே கூடத்துக்கு நகர்த்துவது ஒன்று. கூடம் இருட்டாகும், இங்கிருந்த பிரச்சினை அங்கே போகும். காரைக்குடிப் பக்கத்துப் பழம்பொருள் வியாபாரிகளுக்குக் கொடுப்பது இன்னொன்று. ஒருவர் வந்து பார்த்து விலையும் சொன்னார். தாத்தா கை பட்டது வெளியூர் உணவகத்தில் அலங்காரமாக நிற்பதை அப்பா விரும்பவில்லை. மூன்றாவது, ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றுவது. அவர் சுற்றிவந்து, மூலையை விரலால் தட்டிப் பார்த்து, "இதுல ஆணியே இல்லம்மா. மேலேருந்து ஒவ்வொண்ணா உருவுனா கழண்டுடும்" என்றார். அப்படியேதான் கழன்றது. ஒவ்வொரு பலகையின் நுனியிலும் அடுத்தது உட்காரக் காடி வெட்டியிருந்தது. அடியில் நெல் சரிந்து விழும் வாயை மூடியிருந்த சின்னப் பலகையை எடுத்தபோது, பின்னாலிருந்து ஒரு பிடி நெல் கொட்டியது. பழுப்பேறி, காற்றுப்போல் லேசாக இருந்தது. அப்பா அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தப் பலாப் பலகைகளில் விசுப்பலகை ஒன்று செய்தோம். 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 18 அங்குலம். இந்த உயரம் அத்தைக்காக. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படும், கையை ஊன்றாமல் எழலாம். மேற்குச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறேன். ஒட்டி என்றால் இரண்டு அங்குலம் தள்ளி. கரையான் சுவரிலிருந்துதான் ஏறும், இடைவெளி இருந்தால் கண்ணில் படும். பகலில் கடைக்காரர்கள் ரசீதுக் கட்டோடு வந்தால் அதில்தான் உட்காருகிறார்கள். அடிப்பக்கம் பெட்டி கட்டவில்லை, திறந்தே விட்டேன். பெருக்க வேண்டும் என்பதால் அங்கே எதுவும் சேருவதில்லை. பத்தாயம் இல்லாதவர்கள் இதையே நீர் தாங்கும் பிளைவுட்டில் செய்யலாம். கடையில் பிடபிள்யூபி தரம், ஐஎஸ் 710 முத்திரை என்று கேட்டு, பலகையில் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டரை அடி அகலம் என்பது பருமனானவர்களுக்கு நெருக்கம்தான். கணவன் மனைவியாக வந்தால் ஒருவர் பாய்க்கு இறங்க வேண்டும். இந்தக் குறையைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டேன்.

சாமான்

பத்தாயத்துக்குள்ளிருந்து வந்ததைக் கூடத்தில் பரப்பினோம். ஓடாத விசிறியும் துருப்பிடித்த அடுப்பும் பழைய இரும்புக்காரருக்குப் போயின. பாடப்புத்தகங்களில் கிழியாதவற்றைத் தெருப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியவை இரண்டுதான்: காகிதமும் கொலுப் பொம்மையும்.

காகிதத்தைப் பொறுத்தவரை, டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அவசரப்படக் கூடாது. பட்டா, சிட்டா நகலை இன்றைக்கு இணையத்தில் எடுத்துவிடலாம், வில்லங்கச் சான்றையும் எடுக்கலாம். மூலப் பத்திரத்தின் அசலும் தாய்ப்பத்திரங்களும் அப்படியல்ல. பழைய கிஸ்தி ரசீதுகூட ஒருநாள் தேவைப்படும். அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். கீழ்த்தட்டு ஓதத்துக்கு அருகில். கடைக்காரர்களின் கணக்குக் கட்டுகளை வருஷவாரியாகக் கட்டி, முடிந்த வருஷங்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அறையில் பாதிக் காகிதம் அன்றைக்கே குறைந்தது. அதெல்லாம் என் சாமானே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கொலுப் பொம்மைக்குப் பரணா, டிரங்குப் பெட்டியா? ஓட்டு வீட்டுப் பரண் கோடையில் சூளை, மழையில் ஒழுகல், எல்லாக் காலத்திலும் எலி. நவராத்திரி முடிந்து பொம்மைகளைக் கட்டி வைக்கும் நேரத்தில்தான் ஐப்பசி அடைமழையும் பிடிக்கும். சுற்றும் நாளிதழ் அப்போதே ஈரம் வாங்கியிருக்கும். பாட்டியின் செட்டியார் பொம்மைக்கு அப்படித்தான் கன்னத்தில் வண்ணம் போனது. இப்போது துவைத்து நன்றாகக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, தகர டிரங்குப் பெட்டியில் வைத்து, கூடத்து மூலையில் செங்கல்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். இந்த அறையில் அதற்கு இடம் தரவில்லை. புது வீட்டில் கான்கிரீட் லாஃப்ட் இருந்தால் அதுவே நல்லது. கதவு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்ணுக்கு அறை நிறைந்தே தெரியும்.

திறந்த தட்டு, மூடிய அலமாரி என்ற போட்டியில் சின்ன அறைக்கு மூடியதே என் தேர்வு. படத்தில் திறந்த தட்டு அழகாக இருக்கும். கொல்லைத் தூசியில் வாரம் இருமுறை துடைக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கதவின் பக்கத்தில் பீரோ நிற்கிறது. அதில் ஒரு தட்டு எப்போதும் காலி. விருந்தாளி பையைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து துணி எடுக்கக் கூடாது என்பதற்காக. சுவரில் இரண்டு கொக்கி, படுக்கையில் படுத்தபடியே எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச், கைபேசிக்கு ஒரு பிளக். வந்து தங்குபவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நம் மனசுக்காக.

ஒரு மோதல் மட்டும் எந்தச் சாமானாலும் தீரவில்லை. மாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலும், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கை 3பி படிவத்திலும் தாக்கல் செய்தாக வேண்டும். முகூர்த்த நாட்கள் இந்தத் தேதிகளைப் பார்த்து வருவதில்லை. பங்குனியில் அத்தை வந்தது 19-ஆம் தேதி. மடிக்கணினியையும் கழுத்து விளக்கையும் தூக்கிக்கொண்டு கூடத்து ஊஞ்சலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசையில் உட்கார்ந்தேன். கூடத்துக்கு ஒரு நீளமான இணைப்பு வயரும், இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பிளக்கும் போட்டு வைத்திருந்ததால் முடிந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யும் எல்லாரும் இந்த இரண்டாவது இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அத்தை பலகையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலின் மேல்கதவைத் தானே திறந்து, வெளிச்சத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் புதுச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது, விரல் பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை.

2028 மாசியில் மகாமகம். 2016-இல் எங்கள் வீட்டில் ரேழி வரைக்கும் ஆள் படுத்திருந்தது. இந்த அறையில் இனி மூன்று பேர் படுக்கலாம்: ஒருவர் பலகையில், இருவர் நடுவில் பாயில். மேசையை நகர்த்த வேண்டியதில்லை, நாற்காலியை வெளியே எடுத்தால் போதும். கோரைப் பாய் மட்டும் இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.